பார்வை உரிமை

கோர்ட்டு அமீனா வந்தபோது ரங்கநாயகி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"சு. ரங்கநாயகி நீங்கதானுங்களா?"

தலையாட்டினாள். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு தடித்த உறையைக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பி அடுத்த வீதிக்குப் போய்விட்டார். உறையின் மேல் நீதிமன்ற முத்திரை இருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பிரித்தாள்.

சம்மன். வெண்தாரகை கடன் கொள்முதல் நிறுவனம் என்று அவள் கேள்வியே பட்டிராத ஒரு கம்பெனி அவள்மீது வழக்குப் போட்டிருந்தது. அவள் பெயரில் ஒன்பது லட்சத்துச் சொச்சம் பாக்கி நிற்கிறதாம். கடன் கொடுத்த பழைய நிதி நிறுவனத்திடமிருந்து அந்தக் கடனைத் தாங்கள் விலைக்கு வாங்கிவிட்டார்களாம். பின்னால் ஒரு மனுவும் இணைத்திருந்தார்கள். வழக்கு முடியும்வரை பிணைச் சொத்தை இயங்காமல் நிறுத்திவைக்க உத்தரவிட வேண்டும்.

பிணைச் சொத்து என்பது அவளுடைய இரண்டு கண்கள்.

"என்னம்மா அது?" தர்ஷினி பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்தபடி திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. திரும்பி உக்காரு. பஸ்ஸு வந்துரும்."

இருபத்து மூன்று வயதில் விழித்திரை நோய் வந்து ரங்கநாயகிக்குப் பார்வை முழுதாகப் போயிருந்தது. தர்ஷினி பிறந்தது அதற்குப் பிறகு. ஐந்து வயதுவரை அந்தக் குழந்தையைக் கையால் தடவித்தான் அவள் அறிந்திருந்தாள். அப்புறம்தான் ஊருக்குள் மிஷின் கண் வந்தது. கண்குழிக்குள் இரண்டு சின்னக் கேமராக்கள். காதுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. கேமரா பிடிக்கும் படம் அந்தப் பெட்டி வழியாக எங்கோ இருக்கும் பெரிய கணினிக்குப் போய், தெளிவாகித் திரும்பி வந்து மூளையில் சேரும். விலை ஒரு வீட்டின் விலை. அவளும் கணவன் தெய்வசிகாமணியும் கடன் வாங்கித்தான் வைத்தார்கள். அவன் சரக்கு வண்டி ஓட்டினான். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தையல் விட்டுப்போன இடம், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைக்கிற வேலை. வசூலுக்கு வரும் ஆளிடம் மாதம் தவறாமல் ரொக்கமாகக் கட்டினார்கள். போன வருடம் கடைசித் தவணையைக் கட்டிய அன்று வீட்டில் ஆட்டுக்கறி எடுத்தார்கள்.

ரசீதுகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் செயலியில் இருந்தன. நிறுவனத்தை மூடியபோது செயலியும் போய்விட்டது.

அன்று மத்தியானம், கம்பெனியில் டீ குடிக்கும் நேரத்தில் போன் வந்தது. மரியாதையான ஆண் குரல்.

"வெண்தாரகையில இருந்து பேசறேங்க. சம்மன் வந்துருச்சுங்களா?"

"நாங்க கட்டி முடிச்சுட்டமுங்க. எல்லாத்தையும் கட்டி முடிச்சாச்சு."

"அதை நீங்க கோர்ட்டுல சொல்லிக்கலாம். ஆனா எதுக்குங்க அலைச்சல்? ஒரே ஒரு பேப்பர் அனுப்பறோம், பாக்கி இருக்குன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. மாசம் கொஞ்சமாக் கட்டிக்கலாம். கேஸை வாபஸ் வாங்கிக்கறோம்."

"வீட்டுல கேட்டுச் சொல்றனுங்க."

"கேளுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். கண்ணு உங்க முகத்துல இருந்தாலும் பொருள் எங்களுது. அது எதெதைப் பாக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்காதீங்க."

போனை வைத்தபோது அவள் கையிலிருந்த டீ மேசையில் தெறித்துப் பனியன் கட்டு ஒன்றை நனைத்திருந்தது. சூப்பர்வைசர் ஏதோ சத்தம் போட்டார். அவள் காதில் விழவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நீதிமன்ற வளாகத்திலிருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே அவளுக்குக் கிடைத்த வக்கீல் ருக்சானாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே சம்மனைப் புரட்டினாள்.

"அக்கா, முதல்ல பயப்படாதீங்க. இந்த மாதிரிக் கம்பெனிங்க ஆயிரக்கணக்கான கடனைக் கட்டுக் கட்டா அடிமாட்டு விலைக்கு வாங்குவாங்க. பாதிப் பேரு பயந்துகிட்டுப் பதிலே போட மாட்டாங்க. முப்பது நாள்ல எதிருரை போடலைன்னா எக்ஸ்பார்ட்டி. எதிராளி வரலைன்னு சொல்லி அவங்க கேட்டபடி தீர்ப்பாயிரும். அவங்க பொழப்பே அதுதான்."

"நாங்க பதில் போட்டா?"

"அவங்க நிரூபிக்கணும். கடனை வாங்கினதுக்குப் பத்திரம் காட்டணும். நீங்க கையெழுத்துப் போட்ட மூல ஒப்பந்தம் காட்டணும். வரவு செலவுக் கணக்குக் காட்டணும். மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் அவங்களுக்குக் கஷ்டம்தான்." ஒப்பந்த ஷரத்துகளை மனுவில் எடுத்து எழுதியிருந்த ஒரு பக்கத்தில் அவள் நிறுத்தினாள். மூக்கை உறிஞ்சுவதையும் நிறுத்தினாள். "இந்த ஷரத்தை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"அப்ப எனக்குக் கண்ணு தெரியாதுங்களே. எங்க ஊட்டுக்காரர் என் கையைப் புடிச்சு இடத்தைக் காட்டினாரு. போட்டேன்."

ருக்சானா வாசித்தாள். "பிணைச் சொத்தின் நிலையைக் கடன் கொடுத்தவரோ, அவரிடமிருந்து கடனை வாங்கியவரோ, எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம்."

"பார்வையிடறதுன்னா? ஊட்டுக்கு வந்து பாப்பாங்களா?"

"நாம அப்படித்தான் நெனைப்போம். படம் கண்ணு செஞ்ச கம்பெனியோட கணினி வழியாத்தான போகுது அக்கா. இந்த ஷரத்தைக் காட்டி அங்கிருந்து இவங்க வாங்கிக்கலாம். அவங்க நிஜமாவே பாக்கலாம். நீங்க பாக்கறதை, நீங்க பாக்கறப்பவே."

ரங்கநாயகி மேசைமேல் கிடந்த வழக்குக் கட்டைப் பார்த்தாள். ருக்சானாவின் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் வேறு யாரோ இருப்பதுபோல் திரும்பிப் பார்த்தாள்.

"இனி நான் எழுதற எதையும் நீங்க பார்க்கக் கூடாது" என்றாள் ருக்சானா. "நம்ம பதில் கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க கைக்குப் போயிரும்."

ரங்கநாயகி காதுக்குப் பின்னால் கைவைத்துப் பெட்டியைக் கழற்றினாள். வருடங்கள் கழித்து அந்த இருட்டு மறுபடி வந்து அவளைச் சூழ்ந்தது. எப்போது கடன் வாங்கினார்கள், யாரிடம் கட்டினார்கள், வசூலுக்கு வந்த ஆளின் பெயர் என்ன, எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று ருக்சானா கேட்கக் கேட்க இருட்டிலிருந்தே பதில் சொன்னாள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. முடிந்ததும் ருக்சானா அவள் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள்.

எதிருரை நீதிமன்றத்துக்குப் போனது. பயம் போகவில்லை.

வெண்தாரகைக்காரர்கள் அவள் பிரிக்கிற பனியனைப் பார்க்கட்டும், பஸ்ஸைப் பார்க்கட்டும். ஆனால் தர்ஷினி? வயதுக்கு வந்த பெண். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவாள். அம்மா முன்னால் தாவணியை உதறிக் கட்டுவாள். கட்டிலில் கால்களை நீட்டிப் படுத்துப் படிப்பாள். எங்கோ ஒரு அறையில் முகம் தெரியாத ஆள் ஒருவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதாக ரங்கநாயகிக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவள் மகளைப் பார்ப்பதை நிறுத்தினாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்துவிடுவாள். சமைக்கும்போது இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டாள். வேலைக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டார் நின்று பேசினால் தரையைப் பார்த்தே பேசினாள்.

"என்மேல கோவமாம்மா?" என்று ஒரு நாள் தர்ஷினி கேட்டாள். "என் மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கற."

"கோவமெல்லாம் இல்ல சாமி. கண்ணு கொஞ்சம் எரிச்சலா இருக்குது."

மகள் நம்பவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போகும் சத்தம் கேட்டது.

சிகாமணியால் தாங்க முடியவில்லை. கம்பெனி அனுப்பிய ஒற்றைக் காகிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

"போட்டுக் குடுத்துரு ரங்கு. மாசம் ரெண்டு நடை சேத்தி ஓட்டறேன். நீ இப்படி இருட்டுல கெடக்கறதை என்னால பாத்துட்டு இருக்க முடியாது."

"போட்டா கடன் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமாம். ஒத்த ரூவா கட்டினாலும் அப்படித்தானாம். வக்கீலம்மா சொல்லுச்சு."

"போடலைன்னா கண்ணையே நிறுத்திருவாங்க. அப்ப வேலை? வக்கீலம்மா வந்து செக்கிங் பாக்குமா?"

அவனிடமிருந்து பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பயத்தில் கையெழுத்தைப் போட்டுவிடத்தான் இருந்தாள். ஆனால் போட்டபிறகும் அவர்கள் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள், மாதாமாதம், கடன் தீரும்வரை, என்ற எண்ணம் வந்ததும் பேனா தானாகக் கீழே இறங்கியது.

"வேண்டாமுங்க" என்றாள். "வாய்தா அன்னிக்கு என்னதான் சொல்றாங்கன்னு பாத்துறலாம்."

வாய்தா அன்று நீதிமன்றம் நெரிசலாக இருந்தது. நீதிபதி ஓர் அம்மாள். வெண்தாரகைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வக்கீல் வந்திருந்தார். கண்ணை நிறுத்திவைக்கக் கேட்ட மனு முதலில் எடுக்கப்பட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சுவர், இந்த மின்விசிறி, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிகாமணியின் நரைத்த மீசை, எல்லாம் இல்லாமல் போகலாம். ஒவ்வொன்றையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

"மூல ஒப்பந்தம் எங்கே?" என்று நீதிபதி கேட்டார்.

"காகிதம் பழைய நிறுவனத்துல அழிஞ்சிருச்சுங்க அம்மா. ஆனா அதைவிட நல்ல சாட்சி இருக்கு. கையெழுத்துப் போட்டதைப் பிரதிவாதியோட கண்ணே பதிவு பண்ணியிருக்கு" என்றார் கம்பெனி வக்கீல்.

திரையில் படம் ஓடியது. ஒரு மேசை. ஒப்பந்தத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. பார்ப்பவள் நிதானமாகப் படிப்பது தெரிந்தது. பிறகு பேனா பிடித்த ஒரு வலது கை படத்துக்குள் வந்து சு. ரங்கநாயகி என்று எழுதியது. மெலிந்த, வயதான கை. ஆட்காட்டி விரலின் நுனி இல்லை.

"அது என் கையில்லைங்க!" ரங்கநாயகி எழுந்து நின்று கத்திவிட்டாள். தன் இரண்டு கைகளையும் விரித்து நீதிபதியை நோக்கி நீட்டினாள். அவள் விரல்கள் முழுசாக இருந்தன.

ருக்சானா எழுந்தாள். "அம்மா, என் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டப்ப அவங்களுக்குக் கண்ணே கிடையாது. ரெண்டு கண்ணும் அதுக்கப்புறம் ஒரே ஆபரேஷன்ல வெச்சது. ஆஸ்பத்திரிப் பதிவு தாக்கல் பண்ணியிருக்கேன். இந்தப் படத்துல இருக்கறவங்களுக்கு ஏற்கெனவே ஒரு கண்ணு இருந்திருக்கு. இது இன்னொருத்தர் ரெண்டாவது கண்ணுக்கு வாங்கின கடன்."

கம்பெனி வக்கீல் தன் மடிக்கணினியைப் புரட்டினார். பக்கத்திலிருந்த கம்பெனி ஆளிடம் குனிந்து பேசினார். படத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் எழுந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து, அவினாசி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனாள். அவள் கடைதான் போலிருக்கிறது. மிஷினை ஆன் செய்தாள்.

"பழைய பட்டியல்ல ஒரே பேர்ல, ஒரே இனிஷியல்ல ரெண்டு பேர் இருந்திருக்காங்க. முகவரி மாறிப்போச்சுங்க அம்மா" என்றார் வக்கீல். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

நீதிபதி எதிருரையைப் பார்த்தார். "கண்ணு வழியாப் பார்வையிடறதா ஆட்சேபணை எழுப்பியிருக்காங்க. இந்த அம்மா கண்ணுல நீங்க பாத்தீங்களா?"

"இந்தக் கணக்குல இருக்கற கருவி எண்ணைத்தான் பார்வையிட்டு வர்றோங்க. ஒப்பந்தப்படி."

ரங்கநாயகியின் பெட்டியிலிருந்த எண்ணை எழுத்தர் வந்து படித்துச் சொன்னார். அது வேறு எண்.

"அப்ப இவங்களைப் பாக்கலை."

"இல்லைங்க அம்மா."

ரங்கநாயகி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. இத்தனை நாளும் வீட்டில் யாரும் இல்லை. அவள் மகளைத் திரும்பிப் பார்க்காமல் கழித்த பொழுதெல்லாம் வீணாகப் போயிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சிகாமணி அவள் முதுகில் கைவைத்தான். அந்தக் கை பட்டபோதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. பார்வையிட்டு வர்றோங்க என்றாரே. வந்தோம் என்று சொல்லவில்லை.

கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. சரியான நபர்மீது புதிதாக வழக்குப் போட அனுமதி கேட்டது, கிடைத்தது. ரங்கநாயகிக்குச் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவானது. ருக்சானா, அந்த இன்னொரு பெண்ணைப் பார்ப்பதையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள்.

"அந்தம்மா இந்த வழக்குல கட்சி இல்லை" என்றார் நீதிபதி. குரலில் சங்கடம் இருந்தது. "அவங்க வந்து கேட்டாத்தான் நான் எதுவும் செய்ய முடியும்."

வெளியே வேப்பமரத்தடியில் ரங்கநாயகி கேட்டாள். "மேடம், அவங்களுக்குத் தெரியுமாங்க? பாத்துட்டு இருக்கறது?"

"சம்மனே உங்க வீட்டுக்குத்தான வந்துச்சு. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போயி சொல்லலாங்களா?"

"வக்கீல் தானாப் போயி ஒருத்தர்கிட்ட கேஸ் கேக்கக் கூடாது அக்கா. விதி அப்படி." ருக்சானா வழக்குக் கட்டைத் தன் பைக்குள் வைத்தாள். பிறகு அதிலிருந்து எதிருரையின் நகலை உருவி அவளிடம் நீட்டினாள். "இது உங்களுது. நீங்க யார்கிட்ட வேணாலும் காட்டலாம்."

சிகாமணி ஒரே பிடியாக வேண்டாம் என்றான். "நாம தப்பிச்சோம், அதோட விடு. உன் கணக்கும் அவங்க வாங்கின கட்டுலதான் இருக்கும். அந்தப் பொம்பளை முன்னாடி நீ போயி நின்னா உன் மூஞ்சி நேரா அவங்களுக்குத் தெரியும். சும்மா விடுவாங்களா?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அன்று மாலை தர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது ரங்கநாயகி அவளை வாசலிலேயே நிறுத்தி, முகத்தைக் கையில் ஏந்தி, நெற்றியில் புதிதாக வந்திருந்த பரு வரைக்கும் பார்த்தாள். "என்னம்மா இது, மொதல் தடவையா பாக்கற மாதிரி" என்று மகள் நெளிந்தாள். அந்தக் கடைக்காரம்மாவும் இப்படி யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது ரங்கநாயகிக்குச் சிரிக்க முடியவில்லை.

ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அவினாசி பஸ் ஏறினாள். பாதியில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே கடை முன்னால் கூட்டம் நின்றது. பட்டா, பத்திரம், ஆதார், ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு, ஒருவர் கையில் மகளின் திருமணப் பதிவுச் சான்று. எல்லாரும் நீட்டினார்கள். நரைத்த கொண்டை போட்ட அந்தப் பெண் ஒவ்வொரு காகிதத்தையும் கண்ணுக்கு நேரே பிடித்து, பக்கம் சரிபார்த்து, மிஷினில் வைத்தாள். கம்பெனி ஏன் சரியான முகவரியைத் தேடவே இல்லை என்று ரங்கநாயகிக்கு அப்போது புரிந்தது. ஊர்க்காரர்களின் காகிதம் அத்தனையும் அந்த ஜோடிக் கண்களின் வழியாகக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் முறை வந்தது. கடைக்காரம்மா நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. ரங்கநாயகி திருப்பவில்லை. எதிருரை நகலை நீட்டினாள்.

"எத்தனை காப்பிங்க?"

"ஒண்ணு போதுமுங்க. எனக்கில்லை. உங்களுக்குத்தான்."

கடைக்காரம்மா காகிதத்தைப் பார்த்தாள். "இதென்னங்க, எம் பேரு போட்டிருக்குது?"

"எம் பேரும் அதேதானுங்க. உங்களுக்கு வரவேண்டிய சம்மன் எனக்கு வந்துருச்சு. அடுத்தது உங்களுக்கு வரும். வந்தா பயந்துட்டு சும்மா இருந்துராதீங்க, பதில் போடுங்க." அவள் குரல் தேய்ந்தது. "இன்னொண்ணும் இருக்குதுங்க. அதை நீங்க இப்படிப் பாத்துட்டு இருக்கறப்ப சொல்ல முடியாது."

அந்த அம்மா அவளுடைய காதுக்குப் பின்னாலிருந்த பெட்டியைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுக்கொண்டாள். கையிலிருந்த காகிதத்தை இன்னொரு தடவை, மெதுவாக, கண் வழியாகப் பார்வையிடுவதை ஆட்சேபித்த பத்தி வரைக்கும் படித்தாள். பிறகு கவுண்டருக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"மிசினு ரிப்பேருங்க. எல்லாரும் அப்பறமா வாங்க. அவங்கவங்க பேப்பரை எடுத்துக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ரங்கநாயகியை உள்ளே இழுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினாள். விரல் நுனி இல்லாத கை காதுக்குப் பின்னால் போனது. பெட்டி கழன்று கவுண்டர் மேல் விழும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க அம்முணி" என்றது இருட்டுக்குள்ளிருந்து அந்தக் குரல். "எனக்கு இருட்டுப் பழக்கம்தான்."